போதையில் நடந்த அடிதடிக்கு யார் பொறுப்பு? கால்பந்து ரசிகர்களுக்கான கேள்வி பதில்

புதுச்சேரியில் கால்பந்துக்கும் பாட்டிலுக்கும் நடுவே தூரம் குறைவு. கடலூரிலிருந்து பைக்கில் வரும் பையன்கள் முள்ளோடை எல்லையைத் தாண்டியதும் எங்கே நிற்பார்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்கள் இருப்பதால் பிரான்ஸ் ஆடுகிற அன்று ஊரில் தனிச் சூடு உண்டு. ஐரோப்பிய ஆட்டங்கள் நம் நேரத்துக்கு இரவில் வருவதால் மேட்சும் சரக்கும் பெரும்பாலும் ஒன்றாகவே தொடங்குகின்றன. ஏதாவது ஒரு கைகலப்பு நடந்தபின் ரசிகர்களும், உள்ளூர்த் தொடர் நடத்துகிறவர்களும், அடிபட்ட பிள்ளைகளின் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

“போதையில என்ன பண்ணேன்னே தெரியல” என்றால் சட்டம் விட்டுவிடுமா?

விடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 23, 24 ஆகிய பிரிவுகள் இதைப் பற்றியவை. 2024 ஜூலைக்கு முன் இவை இந்திய தண்டனைச் சட்டத்தில் 85, 86 என்ற எண்களில் இருந்தன. ஒருவருக்குத் தெரியாமலோ அவர் விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஏற்றப்பட்டு, தான் செய்வது இன்னதென்றே அறிய முடியாத நிலையில் அவர் இருந்திருந்தால்தான் விலக்கு. ஜூஸில் யாரோ எதையோ கலந்து கொடுத்துவிட்டார்கள் என்பது போன்ற நிலை அது. தானே காசு கொடுத்து வாங்கிக் குடித்தவர் என்றால், போதையில்லாத ஒருவருக்கு என்ன தெரிந்திருக்குமோ அது அவருக்கும் தெரிந்திருந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பீர் பாட்டிலால் தலையில் அடித்தால் மண்டை உடையும் என்பது நாலு பீருக்குப் பிறகும் தெரிந்த விஷயம்தான், சட்டத்தின் கண்ணில்.

“கொல்லணும்னு நினைக்கல” என்ற வாதம் மட்டும் கொஞ்சம் நுணுக்கமானது. அறிவு இருந்ததாக எடுத்துக்கொள்வார்கள். நோக்கம் இருந்ததா என்பதைச் சூழ்நிலையை வைத்துப் பார்ப்பார்கள். இதில் வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது 1956-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பாஸ்தேவ் வழக்கு. ஒரு கல்யாண விருந்து. ஓய்வுபெற்ற ராணுவ ஜமேதார் ஒருவர் நன்றாகக் குடித்திருந்தார். உட்கார இடம்விட்டு நகரச் சொன்னார்; பதினைந்து, பதினாறு வயதுப் பையன் நகரவில்லை; துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டுவிட்டார். போதை இருந்தது என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் தானாக நடந்து போகவும் கோவையாகப் பேசவும் முடிந்தவருக்கு நோக்கம் இல்லாமல் போய்விடவில்லை என்று சொல்லி, அது கொலைக் குற்றமே என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. சண்டை ஒரு நாற்காலிக்காக. கால்பந்துச் சண்டைகளும் பெரும்பாலும் அந்த அளவுக்குத்தான் இருக்கும்.

அடிக்காமல் வெறுமனே குடித்துவிட்டுத் தெருவில் கலாட்டா செய்தால்?

சன்ஹிதாவின் 355-ஆம் பிரிவு. பொது இடத்தில் போதையில் தொல்லை கொடுத்தால் 24 மணி நேரம் வரை வெறுங்காவல், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமுதாய சேவை. அதே போதையில் பைக்கை எடுத்தால் கணக்கு வேறு: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அப்படியானால் குடியைக் குறை சொல்லவே கூடாதா? குடிதானே சண்டையைக் கிளப்புகிறது?

கிளப்புகிறது. மது உள்ளே போனால் எதிரே இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியும், பின்விளைவு தெரியாது. தற்செயலாகத் தோள் இடித்ததும் வேண்டுமென்றே இடித்தது போலத் தோன்றும். ஆனால் யாரை அடிப்பது, எதற்கு அடிப்பது என்பதை மது முடிவுசெய்வதில்லை. அது கூட்டத்தின் பழக்கத்திலிருந்து வருகிறது.

ஸ்காட்லாந்தையே பாருங்கள். 1980 மே 10, கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம். செல்டிக் 1–0 என்று ரேஞ்சர்ஸை வென்றது. இரு தரப்பு ரசிகர்களும் மைதானத்துக்குள் இறங்கி, பாட்டிலும் கேனும் வீசி மோதிக்கொண்டார்கள். குதிரைப் போலீஸ் வந்து விலக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டே மைதானங்களில் மதுவுக்குத் தடை போட்டுச் சட்டம் வந்தது. அதே ஸ்காட்லாந்துக்காரர்கள் தேசிய அணிக்காக வெளிநாடு போனால் ‘டார்ட்டன் ஆர்மி’. குடியில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஆனாலும் 1992 ஐரோப்பியக் கோப்பையில் சிறந்த ரசிகர்கள் என்று பாராட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். இங்கிலாந்து ரசிகர்களைப் போல நடந்துகொள்ளக் கூடாது என்பதை ஒரு கௌரவமாகவே அவர்கள் வைத்திருந்தார்கள். நாடும் ஒன்று, சரக்கும் ஒன்று. மாறியது கூட்டம் தனக்குத் தானே வைத்துக்கொண்ட வரம்பு.

மறுபக்கமும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16-இல் கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது 16 ரசிகர்கள் இறந்தார்கள். 2012 பிப்ரவரியில் எகிப்தின் போர்ட் சயீதில் 70-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2022 அக்டோபர் 1-இல் இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியபின் ஏற்பட்ட நெரிசலில் 135 பேர் இறந்தார்கள். இவை எதையும் பாட்டில்மேல் எழுத முடியாது.

“ரசிகர்கள் குடித்திருந்தார்கள், அதனால்தான் இப்படி ஆனது” என்று அதிகாரிகள் சொன்னால் நம்பலாமா?

ஆதாரம் கேளுங்கள். நான் இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் ஹில்ஸ்பரோ.

1989 ஏப்ரல் 15. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் லிவர்பூலும் நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டும் மோதிய அரையிறுதி. வாசலில் நெரிசல் கூடியதும், பொறுப்பிலிருந்த போலீஸ் அதிகாரி டேவிட் டக்கன்ஃபீல்ட் வெளிக்கதவு ஒன்றைத் திறக்க உத்தரவிட்டார். உள்ளே வந்த கூட்டம் ஏற்கெனவே நிரம்பி வழிந்த கம்பி அடைப்புகளுக்குள் போய்ச் சேர்ந்தது. நசுங்கியும் மூச்சுத் திணறியும் இறந்தவர்கள் 97 பேர்; கடைசி ஆள் பல ஆண்டு பாதிப்புக்குப் பிறகு 2021-இல் இறந்தார். இறந்தவர்களில் மிகச் சிறியவனுக்கு 10 வயது.

ரசிகர்களே கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று அந்த அதிகாரி அப்போதே சொன்னார். நாலாவது நாள் ‘தி சன்’ பத்திரிகை, குடிகார ரசிகர்கள் பிணங்களிடம் திருடினார்கள், போலீஸ்மேல் சிறுநீர் கழித்தார்கள் என்று முதல் பக்கத்தில் போட்டது. குழந்தைகள் உட்பட இறந்த எல்லோருடைய ரத்தத்திலும் மது இருக்கிறதா என்று பரிசோதித்தார்கள். மது இருந்தது என்று வந்தவர்களின் பெயர்களைப் போலீஸ் குற்றப்பதிவேட்டில் தேடிப் பார்த்ததை 2012-இல் சுயாதீனக் குழு வெளியே கொண்டுவந்தது. செத்தவன்மேல் பழி போட ஏதாவது கிடைக்குமா என்று தேடியிருக்கிறார்கள், வேறென்ன?

சம்பவம் நடந்த அதே ஆண்டிலேயே நீதிபதி டெய்லரின் இடைக்கால அறிக்கை, போலீஸின் கட்டுப்பாடு தவறியதே முக்கியக் காரணம் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் குடிகாரர் கதை போகவில்லை. 2015-இல்தான் அந்த அதிகாரி தான் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டார். 2016 ஏப்ரலில் விசாரணை ஜூரி, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள்மேல் தவறில்லை என்று தீர்ப்புச் சொன்னது. 27 ஆண்டு. 2019-இல் குற்றவியல் வழக்கில் அந்த அதிகாரி விடுவிக்கப்பட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

குடித்தவன் “போதையில் செய்தேன்” என்று தன் பொறுப்பைக் கழற்றிவைக்கிறான். அதிகாரி “போதையில் செய்தார்கள்” என்று தன்னுடையதைக் கழற்றிவைக்கிறார். இருவருக்கும் சுமைதாங்கிக் கல் ஒன்றுதான், குடி. இந்தப் பக்கத்தில் வரும் பாதிக் கேள்விகளுக்கு இதை மனத்தில் வைத்துக்கொண்டாலே விடை கிடைத்துவிடும்.

ரசிகர்கள் உண்மையிலேயே குடித்துவிட்டுத் தாக்கியிருந்தால், மற்ற யாருக்கும் பொறுப்பில்லை என்றுதானே அர்த்தம்?

அப்படி இல்லை. இதற்கு நல்ல சான்று ஹெய்சல். 1985 மே 29, பிரஸ்ஸல்ஸ் நகரில் லிவர்பூல், யுவென்டஸ் இறுதி ஆட்டம். பகல் முழுக்க நகரத்தில் குடித்துவிட்டு வந்த லிவர்பூல் ரசிகர்களில் ஒரு கூட்டம் பக்கத்துப் பகுதியிலிருந்த இத்தாலிய ரசிகர்கள்மேல் பாய்ந்தது. ஓடியவர்கள் சுவரோரம் நசுங்கினார்கள், சுவரும் இடிந்தது. 39 பேர் சாவு. தாக்கியது ரசிகர்கள், அதில் சந்தேகமே இல்லை. 14 பேருக்குத் தண்டனை கிடைத்தது. ஆங்கிலேயக் கிளப்புகளை 5 ஆண்டு ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து வெளியே வைத்தார்கள், லிவர்பூலுக்கு மேலும் ஓர் ஆண்டு.

ஆனால் அந்த மைதானம் பெயர்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. இரு தரப்புக்கும் நடுவே இருந்தது கோழிக்கூண்டுக் கம்பிவலை மாதிரி ஒரு தடுப்பு. பொதுவானவர்களுக்கு என்று ஒதுக்கிய பகுதியின் டிக்கெட்டுகள் இத்தாலியர்கள் கைக்குப் போயிருந்தன. அந்த இடத்தில் நின்ற போலீசாரோ மிகக் குறைவு. பெல்ஜிய நீதிமன்றம் இதையும் விட்டுவிடவில்லை. கால்பந்துச் சங்க நிர்வாகி ஒருவருக்கும் போலீஸ் அதிகாரி ஒருவருக்கும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கொடுத்தது. இவர்கள் குற்றவாளிகள் ஆனதால் அந்த 14 பேரின் குற்றம் குறைந்துவிடவில்லை. இவருக்கு இவ்வளவு சதவீதம், அவருக்கு மிச்சம் என்று பங்கு பிரிக்கிற பாகப்பத்திரம் அங்கே எழுதப்படவில்லை. அவரவர் செய்ததற்கு அவரவர் பதில் சொன்னார்கள்.

ரசிகர் செய்ததற்குக் கிளப்புக்கு ஏன் அபராதம்?

ஃபிஃபா, ஐரோப்பியச் சங்கமான யூஇஎஃப்ஏ இரண்டின் ஒழுங்கு விதிகளும், ரசிகர் நடத்தைக்குக் கிளப்போ சங்கமோ பொறுப்பு என்கின்றன. கிளப்பின்மேல் தனியாகத் தவறு இருந்ததா என்று பல விஷயங்களில் பார்ப்பதே இல்லை. குடித்து ஆடியவன் வீட்டுக்குப் போய்விடுவான், கிளப்புக்கு முகவரி இருக்கிறது. அதுதான் இதன் தர்க்கம். இது முழுக்க நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இது இல்லாவிட்டால் எந்தக் கிளப்பும் தன் வாசலைச் சரிசெய்யாது.

2021 ஜூலை 11, வெம்ப்லியில் இங்கிலாந்து, இத்தாலி இறுதி ஆட்டம். இரவு 8 மணி ஆட்டத்துக்குக் காலையிலிருந்தே குடி. டிக்கெட் இல்லாத சுமார் 2,000 பேர் மாற்றுத்திறனாளிகளுக்கான வாசல்களையும் தீயணைப்புக் கதவுகளையும் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். இங்கிலாந்துச் சங்கத்துக்கு ஒரு லட்சம் யூரோ அபராதம், ஓர் ஆட்டம் பார்வையாளர் இல்லாமல். பின்னால் வந்த பரோனஸ் கேஸியின் அறிக்கை ரசிகர்களையும் விடவில்லை, ஏற்பாட்டில் இருந்த கூட்டுத் தோல்வியையும் விடவில்லை. எழுதினால் இப்படி எழுத வேண்டும்.

ஊற்றிக்கொடுத்த பார்க்காரர்?

இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி, ஏற்கெனவே போதையில் இருப்பவருக்கு விற்பதே குற்றம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒரு படி மேலே போய், போதையில் இருந்தவருக்கு மேலும் ஊற்றிய கடையிடம் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். நியூ ஜெர்சியில் மைதானத்தில் பீர் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரால் ஒரு சிறு குழந்தைக்கு உடல் செயலிழந்தது. 2005-இல் ஜூரி 10 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. பீர் விற்ற நிறுவனமும் அதில் மாட்டியது. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, கடைசியில் சமரசத்தில் முடிந்தது. (அது அவர்கள் ஊர்க் கால்பந்து, கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது. பீர் ஒன்றுதான்.)

நம் ஊரில் பார்மேல் அப்படி இழப்பீட்டு வழக்குப் போடுவது வழக்கத்தில் இல்லை. உரிம நிபந்தனை, வயது, நேரம் இவைதான் பிடி. வயதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது: தமிழ்நாட்டில் 21, புதுச்சேரியில் 18. கடலூரில் டாஸ்மாக் வாசலில் திருப்பி அனுப்பப்பட வேண்டிய 19 வயதுப் பையனுக்கு, ஆற்றைத் தாண்டினால் ரெஸ்டோ பாரில் சட்டப்படியே மேசை உண்டு. பெரிய திரை வைத்து, ‘மேட்ச் நைட்’ என்று போஸ்டர் அடித்து, கோலுக்கு ஒரு ஷாட் இலவசம் என்று கூப்பிடுகிற கடைக்கு, அந்தக் கூட்டம் வெளியே போகும்போது எப்படிப் போகும் என்று யோசிக்கும் கடமையும் உண்டு என்பது என் கருத்து. சட்டம் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை.

மது நிறுவனங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு கால்பந்துச் சங்கங்கள் ரசிகனுக்கு அறிவுரை சொல்வது சரியா?

சரியில்லை. பட்வைசர் 1986-இலிருந்து உலகக் கோப்பையோடு இருக்கிறது. லிவர்பூல் சட்டையில் 1992 முதல் 2010 வரை இருந்த பெயர் கார்ல்ஸ்பெர்க். பிரேசில் 2003-இலேயே மைதானத்தில் மதுவைத் தடுத்திருந்தது. 2014 உலகக் கோப்பைக்காக ஃபிஃபா விடாப்பிடியாக நின்று, 2012-இல் தனிச் சட்டம் போடவைத்து பீரை உள்ளே கொண்டுவந்தது. அப்புறம் கத்தாரில் தொடக்க ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு மைதான பீர் நின்றபோது அதே ஃபிஃபா ஏற்றுக்கொண்டது. நம் அரசுகளும் இதில் பெரிய யோக்கியம் இல்லை. கலால் வருமானம் இல்லாமல் புதுச்சேரி பட்ஜெட் நிற்காது.

மைதானத்தில் தடை போட்டால் குறையுமா?

உள்ளே கொஞ்சம் குறையும். 1985-இலிருந்து இங்கிலாந்தில் ஆடுகளம் தெரிகிற இடத்தில் மது குடிக்க முடியாது, ஆட்டத்துக்குப் போகும் ரசிகர் பஸ்ஸிலும் கூடாது. அதனால் ஆட்டத்துக்கு முன்பே அவசர அவசரமாக இரண்டு மடங்கு ஏற்றிக்கொண்டு வாசலில் கடைசி நிமிடம் கூடுகிறார்கள் என்ற புகார் பழையது. உள்ளூர் மைதானத்துக்கும் அது பொருந்தும். கேட்டில் சோதனை போட்டால் பாட்டில் பைக் டேங்க் கவருக்குள் காத்திருக்கும்.

டிவியில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் செய்யும் வன்முறை இதில் சேருமா?

அதைத்தான் முதலில் சேர்க்க வேண்டும். மைதானத்தில் அடித்தால் வீடியோ வரும், வீட்டுக்குள் அடித்தால் வராது.

இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகக் கோப்பை நாட்களின் போலீஸ் பதிவுகளைப் பார்த்தார்கள். இங்கிலாந்து வென்றாலோ சமன் செய்தாலோ குடும்ப வன்முறைப் புகார்கள் 26 சதவீதம் கூடின, தோற்றால் 38 சதவீதம். ஜெயித்த நாளிலும் கூடியது என்பதைக் கவனியுங்கள். “தோற்ற கோபத்தில் அடிச்சிட்டான்” என்று மாமியார் சொல்லும் சமாதானம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வு மான்செஸ்டர் பகுதியை மணிக்கணக்காகப் பிரித்துப் பார்த்தது. ஆட்டம் நடக்கிற 2 மணி நேரம் புகார்கள் குறைகின்றன, எல்லோரும் திரை முன்னால். முடிந்தபின் ஏறத் தொடங்கி, சுமார் 10 மணி நேரம் கழித்து உச்சத்துக்குப் போகின்றன. அந்தக் கூடுதல், குடித்திருந்த ஆண்களிடமிருந்து வருகிறது. பகலில் சீக்கிரம் தொடங்கும் ஆட்டங்களில் இது அதிகம், ஏனென்றால் அதற்கப்புறம் நாள் முழுக்கக் குடிக்கலாம். கால்பந்தின் உணர்ச்சியைவிட அதன் பெயரால் நீளும் குடிதான் இங்கே வேலை செய்கிறது.

அடிவாங்குகிற வீட்டில் இருப்பவர் 181-ஐக் கூப்பிடலாம், உடனடி ஆபத்து என்றால் 112. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன் கீழ் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அவர் குடித்திருந்தார் என்பது அதற்குத் தடையே இல்லை.

நான் அடிக்கவில்லை, கூடப் போனேன், அவ்வளவுதான். என்மேல் வழக்கு வருமா?

வரலாம். ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோதமான ஒரே நோக்கத்தோடு சேர்ந்து போய், அந்த நோக்கத்துக்காக ஒருவர் குற்றம் செய்தால் மற்றவர்களுக்கும் அது பொருந்தும் என்கிறது சன்ஹிதாவின் 190-ஆம் பிரிவு. “அவனுங்கள விடக்கூடாது, எல்லாரும் வாங்கடா” என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் போட்டவருக்கு, தான் கையே ஓங்கவில்லை என்பது பெரிதாகக் கைகொடுக்காது.

போலீசை நிறையக் குவித்தால் போதாதா?

போர்ச்சுகல் 2004-இல் ஐரோப்பியக் கோப்பை நடத்தியபோது, நகரப் போலீஸ் கலவரக் கவசத்தைக் கண்ணில் படாமல் வைத்துவிட்டு, சாதாரண உடையிலும் சீருடையிலும் ரசிகர்களோடு பேசிக்கொண்டே திரிந்தது. ஆட்டம் நடந்த நகரங்களில் பெரிய கலவரம் வரவில்லை. வேறொரு படை காவலில் இருந்த அல்புஃபெய்ரா கடற்கரை ஊரில் இங்கிலாந்து ரசிகர்களோடு மோதல் வந்தது. இரு இடத்திலும் பீர் ஓடியது. ஆளைத் தெரிந்த போலீஸ் முன்னால் ஆடுவது கஷ்டம். கடலூர் மண்ணின் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடியவர், தமிழ்நாடு போலீசில் உதவி ஆய்வாளரும்கூட. அப்படி ஆட்டம் தெரிந்த ஒருவர் வாசலில் நின்றால் பாதி வாய்ச்சண்டை தானாக நின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊரில் தொடர் நடத்துகிறோம். எங்கள் பொறுப்பு எதுவரை?

கேட்டுக்கு வெளியேயும் கொஞ்ச தூரம் வரை. இறுதி ஆட்டத்தை இருட்டுவதற்குள் முடியுங்கள். பரிசளிப்பை இரவு பத்து மணிக்கு இழுக்காதீர்கள், அந்த இடைவெளியில்தான் எல்லாம் ஏறுகிறது. இரு ஊர் ரசிகர்களும் ஒரே வழியாக வெளியேறாமல் பாருங்கள். பாட்டிலைக் கேட்டிலேயே வாங்கி வையுங்கள். போதையில் இருப்பவரை உள்ளே விடாமல் இருந்தால் மட்டும் போதாது. வெளியே நிறுத்திய அவரை வீட்டுக்கு அனுப்ப யாராவது வேண்டும். ஃப்ளெக்ஸில் பிராந்திக் கடைக்காரர் படத்தைப் போட்டுவிட்டு மைக்கில் “குடிச்சிட்டு வராதீங்க” என்று சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள்.

அடிபட்டவரும் குடித்திருந்தார். புகார் கொடுக்க முடியுமா? சண்டை நடந்தது பாண்டிப் பக்கம், வீடு கடலூரில்.

முடியும். அவர் குடித்திருந்ததால் அவரை அடிக்கும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய், எப்படி அடிபட்டது என்பதை உள்ளபடியே சொல்லிப் பதியுங்கள். வண்டியிலிருந்து விழுந்தேன் என்று பயந்து மாற்றிச் சொன்னால் பிறகு வழக்கு நிற்காது. ஏ.ஆர். காப்பி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) கேட்டு வாங்குங்கள். மூச்சில் மதுவாடை என்று அதில் எழுதியிருந்தாலும் பதற வேண்டாம், வாடை இருந்தது என்பதற்கு நிதானம் இழந்திருந்தார் என்று பொருளில்லை.

அடுத்து புகார். கன்னிக்கோயிலில் நடந்த சண்டைக்குக் கடலூர் ஸ்டேஷன் போனால் “எங்க லிமிட் இல்ல, பாண்டிக்குப் போங்க” என்று அனுப்பப் பார்ப்பார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் தகவலைப் பதிய வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள். பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். நகல் இலவசம், கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள். ரெஸ்டோ பாரின் கேமரா பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி அதே புகாரில் ஒரு வரி சேருங்கள், பல இடங்களில் சில வாரத்திலேயே அழிந்துவிடும்.